மாதிரி ரயில் பாதையில் தண்டவாள இணைப்பொலி

நீலகிரியின் கேத்தி நிலையத்தை நெருங்கும் மலை ரயிலின் ‘டடக்–டடக்’ ஓசை, வெயிலில் இரும்பு நீள்வதற்காகத் தண்டவாளத் துண்டுகளுக்கிடையே விடப்படும் இடைவெளியைச் சக்கரங்கள் கடக்கும்போது எழுவதாகும். அதை மாதிரிப் பாதையில் கொண்டுவர ஒலிப்பதிவு தேவையில்லை. மெல்லிய ரம்பம் போதும்.

இரு தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையில் ஒரு தண்டவாளத்தின் நீளம் பொதுவாக 12 மீட்டர். நிஜத்தை 87 மடங்கு சிறிதாக்கும் 1:87 அளவில் அது சுமார் 138 மில்லிமீட்டர். அந்தத் தொலைவுதோறும் இரு தண்டவாளங்களிலும் நேருக்கு நேராகக் குறியிட்டு, தண்டவாளத்தின் மேற்புறமான தலைப்பகுதியின் பாதி ஆழம் வரை மட்டும் அறுக்க வேண்டும். முழுவதும் அறுத்துவிட்டால் தண்டவாளம் வழியே மாதிரி ரயிலுக்குச் செல்லும் மின்னோட்டம் தடைபடும். உள்விளிம்பில் பிசிறு எஞ்சினால் சக்கரம் தடம்புரளக்கூடும் என்பதால், நுண்ணிய அரத்தால் பொறுமையாகத் தேய்த்துவிடுங்கள்.

சக்கரங்கள் உலோகத்தாலானவையாக இருத்தல் அவசியம். பிளாஸ்டிக் சக்கரங்கள் ஓசையை விழுங்கிவிடும். அடியில் தக்கை விரிப்பு இருந்தாலும் ஒலி மங்கும். பாதையை ஒட்டுப்பலகையில் நேரடியாகப் பதித்தால் பலகையே மத்தளம்போல் அதிரும். என் செவிக்கு அதுவே நிறைவு.

நிஜ ரயில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தண்டவாளத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். மாதிரி ரயிலும் 138 மில்லிமீட்டரைக் கடக்க அதே நேரம் எடுக்குமாறு வேகத்தைக் குறையுங்கள். எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும் கல்லாறு–குன்னூர் பல்தண்டவாள ஏற்றத்தை அமைப்பவர்கள் இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும்.