வீட்டில் டர்போ டைமர் கட்டுகிறீர்களா? முதலில் நிறுத்தும் வழியை யோசியுங்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். ஏறுகிறவர்கள் பலர் அங்கே வண்டியை ஓரங்கட்டியதும் சாவியைத் திருகிவிட்டு அணையைப் பார்க்க இறங்கிவிடுவார்கள். இரண்டாம் கியரில் இழுத்து ஏறிவந்த பழைய டர்போ டீசல் வண்டிக்கு அது பெரிய கெடுதல். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நிற்கும். புகை போகும் பக்கத்துச் சூடு பேரிங்குக்கு ஏறி, அங்கே தேங்கிய ஆயிலைக் கருக்கிக் கரியாக்கிவிடும். தண்ணீர் சுற்றாமல் ஆயிலை மட்டுமே நம்பும் பழைய டர்போக்களில் இது இன்னும் மோசம்.

சாவியை எடுத்த பிறகும் ஓரிரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அப்புறம் நிறுத்துவதே டர்போ டைமரின் வேலை. ஒரு 555 ஐசி (நேரம் எண்ணும் சிப்), ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), சில உதிரிகள் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டிவிடலாம். என் வண்டிக்குக் கட்டியபோதும், நண்பர்கள் கட்டியதைச் சரிசெய்தபோதும் எனக்குப் புரிந்தது இதுதான்: எல்லோரும் ஓடவைப்பதை யோசிக்கிறார்கள், நிறுத்துவதை யோசிப்பதில்லை.

எப்போது தேவை என்பதிலேயே முதல் குழப்பம். வால்பாறையிலிருந்து இறங்கி ஆழியாறில் நிறுத்தும்போது டைமர் தேவையே இல்லை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வரும்போதே டர்போ ஆறிவிடும். ஊருக்குள் நாற்பதில் ஓட்டி வீடு சேர்ந்தாலும் அப்படித்தான். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறிய கையோடு டீக்கடையில் நிறுத்துவது, சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் நூறில் வந்து சட்டென்று ஓட்டல் வாசலில் திருப்புவது, இவைதான் ஆபத்தான நேரங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுவது எந்த டைமரையும் விட நல்லது. நேரத்தை ஐந்து, பத்து நிமிடம் வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். ஐடிலில் ஆயில் அழுத்தம் குறைவு, புகைக்கரியும் சேரும். ஒன்று முதல் இரண்டு நிமிடம் தாராளம்.

அடுத்து, உங்கள் இன்ஜின் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் ஒயரை வெட்டாதீர்கள். பழைய மெக்கானிக்கல் டீசல் பம்புகள் பலவற்றில் ஒரு சோலனாய்டு (கரண்டால் திறக்கும் வால்வு) உண்டு. கரண்ட் இருந்தால் டீசல் போகும், கரண்ட் போனால் நின்றுவிடும். சில வண்டிகளில் கேபிளை இழுத்து நிறுத்த வேண்டும். அவற்றுக்கு டைமரே வேண்டாம், கொஞ்சம் பொறுத்து இழுத்தால் போதும். இன்னும் சிலவற்றில் நிறுத்துவதற்குத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். காமன் ரெயில் எனப்படும் புதிய வகை டீசல் வண்டியில் எல்லாம் கம்ப்யூட்டர் கையில் இருப்பதால் வீட்டு சர்க்யூட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சோலனாய்டு வண்டி என்றால், பலர் ரிலேயின் வெளியீட்டைச் சாவியின் இக்னிஷன் ஒயரிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அப்போது ஏசி, வைப்பர், மீட்டர் என்று எல்லாமே உயிரோடு இருக்கும். பம்புக்குப் பக்கத்தில் சோலனாய்டு ஒயரை மட்டும் பிரித்து, சாவி பக்கத்துக்கு ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் உதிரி), டைமர் பக்கத்துக்கு ஒரு டயோடு வையுங்கள். 1என்4007 தாங்குவது ஒரு ஆம்பியர்தான்; மூன்று ஆம்பியர் தாங்கும் 1என்5408 வாங்குங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு ஒட்டியே 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு கியர். மேட்டுப்பாங்கான இடத்தில் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது நம் பக்கத்துப் பழக்கம். டைமர் இருக்கும் வண்டியில் சாவியை எடுத்ததும் கியரில் போட்டு கிளட்சை விட்டால், இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதால் வண்டி பாயும். சாவி கையில் இருப்பதால் ஸ்டீயரிங்கும் பூட்டியிருக்கும். என் நண்பரின் வண்டி தோட்டத்துச் சாலைச் சுவரில் இப்படித்தான் மோதியது. நல்லவேளை முன்னால் யாரும் இல்லை. ஆகவே ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் மட்டுமே டைமர் வேலை செய்யட்டும். டாஷ்போர்டில் எரியும் ஹேண்ட் பிரேக் விளக்கின் ஒயரை இதற்கு எடுக்காதீர்கள். பல வண்டிகளில் அதிலேயே பிரேக் ஆயில் அளவு சென்சாரும் சேர்ந்திருக்கும். லீவருக்கு அடியில் தனி மைக்ரோ சுவிட்ச் வையுங்கள். கிளட்சை மிதித்தாலும் உடனே நிற்கும்படி இன்னொன்று வைத்தால் கியருக்கும் பாதுகாப்பு, திருட்டுக்கும் தடை. ஆயில் அழுத்தம் போனாலும் டைமர் அறுபட வேண்டும். ஆயில் ஓடுவதற்காகத்தானே அது இருக்கிறது! இவை தவிர, கைக்கெட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு நிறுத்து பட்டன். கதவடைத்த ஷெட்டுக்குள் மட்டும் ஓடவிடவே கூடாது. டீசல் புகை ஆளைக் கொல்லும்.

இனி சர்க்யூட். 555இன் நேரம் 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர். 220 கிலோ ஓமும் 470 மைக்ரோஃபாரடும் போட்டால் ஏறக்குறைய 114 விநாடி. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருபது சதவீதம் முன்பின் இருக்கும், கடிகாரம் வைத்துப் பாருங்கள். கரூர், ஈரோட்டு வெயிலில் மூடிய வண்டிக்குள் அடுப்புச்சூடு இருக்கும், அதனால் 105 டிகிரி, 35 வோல்ட் கெப்பாசிட்டராக வாங்குங்கள். சாதாரண 555 தாங்குவது 16 வோல்ட். ஆல்டர்னேட்டர் சாதாரணமாகவே 14க்கு மேல் தரும். பேட்டரி டெர்மினல் லூஸானால் பல மடங்கு எகிறும். தொடரில் 100 ஓம் ரெசிஸ்டரும் வோல்டேஜ் மீறாமல் தடுக்கும் 15 வோல்ட் ஜீனர் டயோடும் இல்லாமல் இணைக்காதீர்கள். வண்டி ரிலேயின் கம்பிச்சுருள் (காயில்) சுமார் 150 மில்லிஆம்பியர் இழுக்கும், பிசி547 டிரான்சிஸ்டர் தாங்குவது 100தான். அதற்குப் பதில் பிடி139 போடுங்கள், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் வையுங்கள். வேலை முடிந்ததும் சர்க்யூட் தன்னைத்தானே முழுக்கத் துண்டித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே மாதத்துக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல் பேட்டரி இறங்கும். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது. வெயிலில் பசை இளகிவிடும்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126இன்படி பொது இடத்தில் வண்டி நிற்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். ஆகவே பூட்டிவிட்டு நடப்பதெல்லாம் உங்கள் தோட்டத்து வாசலோடு சரி. திம்பத்தில், வியூ பாயிண்டில் இருக்கையிலேயே உட்காருங்கள். எனக்கு இது தெரிந்த பிறகு என் வண்டியில் ரிலேயைக் கழற்றிவிட்டு, அதே 555இல் ஒரு பஸ்ஸரை மாட்டிவிட்டேன். ஹேண்ட் பிரேக் இழுத்ததும் எண்ணத் தொடங்கும், 90 விநாடியில் ஒலிக்கும், சாவியை நானே திருகுவேன்.