தண்ணி ஓரமா ஒரு ஹாம் ரேடியோ போட்டி நடத்துறது எப்படி

ஹாம் ரேடியோன்னா லைசென்ஸ் வாங்கிட்டு பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறது. அந்த ரேடியோவ வெளியில தூக்கிட்டு போய், குறிச்ச நேரத்துக்குள்ள நிறைய பேரோட பேசுற போட்டின்னா எல்லாரும் முதல்ல தீம் என்னன்னுதான் யோசிப்பாங்க, ஆனா அதுக்கும் முன்னாடி அன்னைக்கு பேண்ட்ல (பேசுற அலைவரிசையில) எத்தனை பேர் இருப்பாங்கன்னு யோசிங்க. 5 வாட் ரேடியோ, பேட்டரி, ஒயர் எல்லாம் சுமந்துட்டு வெயில்ல நடந்து போன ஒருத்தர் ஒரு மணி நேரம் சிக்யூன்னு, அதாவது யாராவது பேச வாங்கன்னு, கூப்பிட்டும் பதிலே வரலன்னா அடுத்த தடவை வரமாட்டார். அதனால வீட்டுல இருந்து பேசுறவங்களையும் கண்டிப்பா சேத்துக்கோங்க, அவங்களோட பேசுனா பாயிண்ட் கம்மியா இருக்கட்டும், ஆனா வரட்டும்.

தீமுக்கு தண்ணிய எடுத்துக்குவோம். கடல், ஆறு, ஏரி, குளம் எதுவா இருந்தாலும் கரையில இருந்து 100 மீட்டருக்குள்ள ஸ்டேஷன் போடணும், அவ்ளோதான் ரூல். இதுல ஒண்ணு கவனிக்கணும், உப்புத் தண்ணி பக்கத்துல செங்குத்தா ஆன்டெனா நிறுத்துனா சிக்னல் தாழ்வான கோணத்துல நல்லா கிளம்பி ரொம்ப தூரம் போகும், நல்ல தண்ணி ஓரத்துல அந்த லாபம் அவ்வளவா கிடைக்காது. எல்லாரையும் ஒரே பட்டியல்ல போட்டா கடற்கரைக்காரங்களே ஜெயிப்பாங்க, அதனால அவங்களுக்கு தனிப் பிரிவு வச்சிடுங்க.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒவ்வொரு தொடர்புலயும் ரெண்டு பேரும் மாத்திக்கிற தகவல், இங்கதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். சிக்னல் ரிப்போர்ட் (எவ்வளவு நல்லா கேக்குதுன்னு சொல்றது), பெயர், தண்ணி வகைக்கு ஒரு எழுத்து, இதுக்கு மேல எதுவும் வேண்டாம். எழுத்தையும் பாத்து தேர்ந்தெடுங்க. கடலுக்கு எஸ், வீட்டுக்கு எச்னு வச்சீங்கன்னா புள்ளி, கோடா அனுப்புற மோர்ஸ்ல ஒண்ணு மூணு புள்ளி, இன்னொண்ணு நாலு புள்ளி, சிக்னல் மங்குற நேரத்துல எது வந்துச்சுன்னே தெரியாது. ஆத்துக்கு ஆர், ஏரிக்கு எல் வச்சாலும் அதே கதைதான், கடைசியில ஒரு புள்ளிதான் வித்தியாசம். கடலுக்கு ஓ, ஆத்துக்கு ஆர், ஏரி குளத்துக்கு டி (D), வீட்டுக்கு வி, இப்படி வச்சா குழப்பம் வராது. குரல்ல பேசுறவங்க ஃபொனெடிக்ஸ் (எழுத்துக்குப் பதிலா டெல்டா, விக்டர் மாதிரி வார்த்தை) சொல்லணும்னு ரூல்லயே எழுதிடுங்க, ஏன்னா டி, வி ரெண்டும் காதுக்கு ஒண்ணு போலதான் கேக்கும்.

பாயிண்ட் கணக்கு பேப்பர்லயே போடுற மாதிரி இருக்கணும். வெளியில இருக்கிறவரோட பேசுனா 3, வீட்டுல இருக்கிறவரோட பேசுனா 1, மொத்தத்தை எத்தனை வகை எழுத்து கிடைச்சுதோ அதால பெருக்கணும். 10 வெளி ஸ்டேஷன், 8 வீட்டு ஸ்டேஷன், நாலு எழுத்தும் கிடைச்சுதுன்னா 38 இன்டு 4, 152. ஒரு ஸ்டேஷனோட ஒரு பேண்ட்ல ஒரு தடவைதான் கணக்கு.

நேரம் 4 மணி நேரம் போதும், நீட்டினா ஆளுங்க சிதறிப்போயி யாரும் யாருக்கும் கிடைக்கமாட்டாங்க. தேதி, நேரம் எல்லாம் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, அறிவிங்க. 40, 20, 15 மீட்டர் பேண்ட் வச்சுக்கலாம், 30, 17, 12 மீட்டர்ல போட்டி நடத்துற வழக்கமே இல்ல, அதைத் தொடாதீங்க. அக்டோபர், நவம்பர் கடைசி வாரங்கள்ல சிக்யூ வேர்ல்ட் வைட் மாதிரி பெரிய போட்டி ஓடும், அந்த சத்தத்துல 5 வாட் சிக்னல் யார் காதுலயும் விழாது, அந்த வாரக்கடைசிகளை விட்டுடுங்க.

மின்கம்பி பக்கத்துல ஆன்டெனா ஒயர் கட்டக்கூடாது, இடி சத்தம் கேட்டா உடனே ஸ்டேஷனை நிறுத்திட்டு பாதுகாப்பான இடத்துக்கு போயிடணும், இது ரெண்டையும் ரூல்ல முதல் வரியிலயே போடுங்க. அந்த இடத்துல அனுமதி வேணும்னா முன்னாடியே வாங்கிக்கணும்னும் சொல்லிடுங்க.

லாக் (யார் யாரோட பேசுனோம்னு எழுதுன பதிவு) அனுப்ப ரெண்டு வாரம் குடுங்க, கையால எழுதுன லாக்கையும் ஏத்துக்கோங்க. ரெண்டு பேர் லாக்கையும் ஒப்பிட்டு பாத்து எழுத்து தப்பா இருந்தா அந்த தொடர்பை மட்டும் எடுத்துடுங்க, அதுக்கு மேல அபராதம் வேண்டாம். ரிசல்ட்டை ஒரு மாசத்துக்குள்ள போட்டுடுங்க, அதோட எல்லாரும் அனுப்புன ஸ்டேஷன் போட்டோவையும் சேத்து போடுங்க, அதைப் பாத்துதான் புதுசா நாலு பேர் வருவாங்க.