ஃப்யூல் டியூனிங்: புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்பு

பழைய கார்புரேட்டர் வண்டியில இஞ்செக்டரும் ஸ்டாண்டலோன் ஈசியூவும் (இஞ்செக்டரை ஓட்டுற, நாமளே செட் பண்ணிக்குற தனிக் கம்ப்யூட்டர்) மாட்டி லேப்டாப்போட உக்கார்ற பசங்க இப்ப நிறைய. நான் ஆரம்பத்துல பண்ணின கூத்தையே அச்சு மாறாம பண்றாங்க, அதான் இது. ஏர் ஃபில்டர், பேட்டரி சார்ஜ் எல்லாம் யாராச்சும் சொல்லிடுவாங்க, விட்டுடறேன்.

மீட்டர் லீன்னு காட்டினதும் பெட்ரோலை ஏத்துறது

இது ஒண்ணுதான் இன்னிக்கும் எரிச்சல். லீன்னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. மீட்டருக்குக் கணக்கு அனுப்புற வைட்பேண்ட் சென்சார் (புகை பைப்புல மாட்டுற ஆக்சிஜன் சென்சார்) புகையில மிச்சமிருக்குற ஆக்சிஜனைப் பாத்துதான் கணக்கு சொல்லுது, அது எந்த வழியா வந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பிளக் ஒழுங்கா அடிக்காம ஒரு ஃபயரிங் மிஸ்ஸானா எரியாத காத்தும் எரியாத பெட்ரோலும் சேர்ந்தேதான் பைப்புக்குள்ள போகும், ஆனா மீட்டர் லீன்னுதான் காட்டும்.

ஒரு தம்பி சிங்கிள் சிலிண்டர் வண்டியை கொண்டு வந்தான். "அண்ணா, ஐட்லிங்ல 16க்கு மேலயே நிக்குது, எவ்ளோ ஏத்தினாலும் இறங்க மாட்டேங்குது"ன்னான். 16னா ஒரு பங்கு பெட்ரோலுக்கு 16 பங்கு காத்து, எடைக்கணக்குல. விஇ டேபிளைத் (எந்த ஆர்பிஎம்ல, எவ்ளோ லோடுல எவ்ளோ பெட்ரோல் விடணும்னு ஈசியூ கணக்குப் போடுற அட்டவணை) திறந்தா ஐட்லிங் செல் மட்டும் பக்கத்து செல்லைவிட எங்கயோ மேல இருக்கு. பிளக் கரியும் ஈரமுமா வருது. டிப்ஸ்டிக்கை மூக்குகிட்ட வச்சா பெட்ரோல் பங்க் வாசனை! சிலிண்டர் சுவத்துல இருக்க வேண்டிய ஆயிலைப் பெட்ரோல் கழுவிட்டு கீழ ஆயிலோட கலந்துடுச்சு, ரிங்கும் போரும் வறட்டு உரசல்ல ஓடியிருக்கு.

காரணம் என்னன்னா, ஹெட்டும் புகை வெளிய வர்ற பெண்ட் பைப்பும் சேர்ற இடத்துல பழைய கேஸ்கெட்டையே திரும்ப வச்சு முடுக்கியிருக்கான், ஜாயிண்ட் ஓரமா கரிக்கோடு கண்ணுக்கே தெரியுது. புகை விட்டு விட்டு போறதால இடையில பைப்புக்குள்ள பிரஷர் வெளிக்காத்தைவிட இறங்கும், அப்ப அந்த சந்து வழியா காத்தை உள்ள இழுக்கும், சென்சார் அதையும் சேத்து எண்ணிடும். சில்லறைக் காசு கேஸ்கெட்டுக்குப் பாத்து சிலிண்டரைக் குடைஞ்சு சரி பண்ற ரீபோர் வரைக்கும் போச்சு செலவு.

ஐட்லிங்ல லீன், ஆர்பிஎம் ஏத்தினா சரியாகுதுன்னா முதல்ல லீக்கைத் தேடுங்க. வண்டி நல்லா ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணி உடனே ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி அடிங்க, குமிழ் வந்தா அதான் இடம். பெட்ரோல் ஏத்த ஏத்த ஐட்லிங் இன்னும் தடுமாறுதுன்னா அது லீனே இல்ல, கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டு ஸ்பானரை எடுங்க.

14.7ஐப் பிடிச்சுத் தொங்குறது

14.7ங்கிறது எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுசா எரியத் தேவையான காத்துக் கணக்கு. மீட்டர் அளக்குறது லாம்டாவை (தேவையான காத்துக்கு எத்தனை மடங்கு காத்து இருக்குன்னு சொல்றது, 1னா சரியான அளவு), அதை 14.7ஆல பெருக்கித்தான் திரையில காட்டுது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கு நிஜக் கணக்கு 13.5 பக்கம், ஆனா லாம்டா 1னா எந்தப் பெட்ரோலுக்கும் 1தான், அதனால டிஸ்பிளேயை லாம்டாவுக்கு மாத்திடுங்க. ஃபுல் திராட்டில்லயும் 1 வேணும்னு அடம் பிடிக்காதீங்க, பெட்ரோல் கொஞ்சம் அதிகமா, 0.87 கிட்ட ஆரம்பிங்க.

ஸ்டாக் ஆக்சிஜன் சென்சரை வச்சு பவர் டியூனிங்

கம்பெனில வர்ற சென்சர் அது. 0.45 வோல்ட்டுக்கு மேலயா (பெட்ரோல் அதிகம்) கீழயா (லீன்), அவ்ளோதான் அது சொல்லும். வேணாம்.

டெட் டைமை டிஃபால்ட்லயே விடுறது

டெட் டைம்னா கரண்ட் குடுத்தப்புறம் இஞ்செக்டர் நிஜமா திறக்க எடுத்துக்குற நேரம். வோல்டேஜ் இறங்கினா இஞ்செக்டர் லேட்டா திறக்கும். ஐட்லிங்ல ஹெட்லைட் போட்டதும் லாம்டா ஆடுதா, விஇ டேபிளைத் தொடாம பேட்டரி வோல்டேஜ் கரெக்ஷனைப் பாருங்க.

இக்னிஷன் டைமிங்

பிளக் எப்ப பொறி அடிக்கணும்ங்கிற செட்டிங் இது. ஃப்யூல் செட் ஆகுற வரைக்கும் தொடாதீங்க.