கொடுக்காப்புளி வைக்கப் போகிறீர்களா? முதலில் முள்ளை யோசியுங்கள்

கொடுக்காப்புளியை முளைக்க வைப்பது ஒரு வேலையே இல்லை. எந்த மரத்து விதையை எடுப்பது, எங்கே நடுவது, இந்த இரண்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு மரத்துச் சுளை கற்கண்டாக இனிக்கும், பக்கத்து மரத்துச் சுளை நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பாக இருக்கும். அதனால் நீங்களே தின்று பார்த்து, பிடித்த மரத்திலிருந்து மட்டும் விதை எடுங்கள். அப்படி எடுத்தாலும் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அதே சுவைதான் வேண்டும் என்றால் விண்பதியனோ (மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டி எடுக்கும் கன்று) ஒட்டுக்கன்றோதான் வழி.

தோல் சிவந்து, வெடித்து, சுளை வெளியே தெரிகிற காயாகப் பாருங்கள். பச்சைக் காயின் விதை வேண்டாம். சதையை நன்றாகக் கழுவி எடுத்துவிடுங்கள், ஒட்டியிருந்தால் எறும்பு மொய்க்கும். பளபளவென்று கறுப்பாக இருக்கும் அந்த விதையைத் தேய்க்கவோ வெந்நீரில் போடவோ தேவையில்லை. புது விதை என்றால் ஈர மண்ணில் விரல் நகத்தளவு ஆழத்தில் ஊன்றினாலே போதும், சில நாட்களில் முளைத்துவிடும். முளைத்த கன்றைப் பையிலேயே ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள், வேர் அடியில் சுருண்டுகொள்ளும். எனக்கு அப்படி ஒரு கன்று இரண்டு வருஷம் அசையாமல் நின்றது.

சரி, இடம். இலையைக் கவனித்தால், காம்பு இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டு சிற்றிலைகள் இருக்கும். அந்தக் காம்பு கிளையோடு சேரும் இடத்தில்தான் ஜோடி முள். கிளையைக் கழித்துக் கீழே போட்டால் காய்ந்த பிறகும் செருப்பைத் துளைக்கும், எனவே நடைபாதை ஓரத்திலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வேண்டவே வேண்டாம். வேலி ஓரம்தான் இதற்குச் சரியான இடம், நெருக்கி நட்டு வெட்டி வெட்டி விட்டால் ஆடுகூட நுழையாது. ஆனால் பழம் வேண்டுமென்றால் தனியாக, நல்ல வெயிலில் நடுங்கள்.

முதல் வருஷம் தண்ணீர் விடுங்கள், அப்புறம் வறட்சியை அதுவே பார்த்துக்கொள்ளும். வேர் முண்டுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் யூரியா போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பனி உறையும் குளிர்தான் இதற்கு ஆகாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம் இல்லையா!

விட்டால் 10 மீட்டரைத் தாண்டிப் போகும். வேர் ஆழமாகப் போகாத இடங்களில் பெருங்காற்றுக்குச் சாய்ந்துவிடும், காயும் எட்டாது. அதனால் காய் ஓய்ந்ததும் கவாத்து செய்து உயரத்தைக் குறைத்து வையுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், பயம் வேண்டாம். கெட்டியான கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய இடத்தில் கசியும் சாறு கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

பறிக்கத் தொரட்டிதான் வசதி. வளையம் வளையமாகச் சுருண்ட காய் வெடிக்கத் தொடங்கியதும் இழுத்துவிடுங்கள், தாமதித்தால் கிளி முந்திக்கொள்ளும். வாயில் போடும் முன் சுளையைப் பிளந்து ஒருமுறை பாருங்கள். உள்ளே புழு இருந்தாலும் வெளியே தெரியாது.