சூனியக்காரி வழக்கில் வாதாடப் போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

நீதிமன்றத் துப்பறியும் கேம்களில் ஊறியவர்களே 'புரொஃபசர் லேட்டன் வெர்சஸ் ஃபீனிக்ஸ் ரைட்' கேமின் முதல் சூனிய வழக்கில் திணறிப்போகிறார்கள். நானும் திணறினேன். லெவல்-5, கேப்காம் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து நின்டென்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் மெஷினுக்காக உருவாக்கிய கேம் இது. ஜப்பானில் 2012 நவம்பரில் வந்தது, ஆங்கிலத்தில் 2014இல். கதை எழுதியவர் ஷு டகுமி. ஃபீனிக்ஸ் ரைட் என்ற வக்கீல் வரும் 'ஏஸ் அட்டர்னி' நீதிமன்ற கேம் வரிசையை ஆரம்பித்துவைத்த அதே ஆள். கதை நடப்பது லாபிரிந்தியா என்ற மதில் சூழ்ந்த ஊரில். அங்கே மந்திரம் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. சூனியக்காரி என்று தீர்ப்பானால் நேராக நெருப்புக்குத்தான். சாட்சி சொல்லும் வரிகளில் எது ஆதாரத்தோடு முரண்படுகிறது என்று காட்டுவதுதான் வக்கீலாக ஆடும் நம் வேலை. அதற்குக் கைரேகை இல்லை, கேமரா இல்லை, ஆய்வகம் இல்லை.

முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. "மந்திரம்தான் இருக்கிறதே, அப்புறம் எது வேண்டுமானாலும் நடக்கலாமே, இதில் நான் எங்கே போய் முரண்பாட்டைத் தேடுவது?" என்று மனது விட்டுவிடும். நடப்பது இதற்கு நேர்மாறு. இந்த ஊரில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதி உண்டு. அதைப் போட மந்திரக்கோல் வேண்டும், கோலில் அதற்கான கற்கள் வேண்டும். எந்த மந்திரம் என்ன செய்யும், எதைச் செய்யாது என்று 'கிராண்ட் கிரிமோயர்' என்ற மந்திர ஏட்டில் இருக்கிறது. அந்த ஏடு உங்கள் ஆதாரப் பட்டியலிலேயே கிடக்கும். சாதாரண உலகத்துக் கொலைகாரன் என்ன செய்திருப்பான் என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். இங்கே அவனால் என்னென்ன முடியாது என்பதை யாரோ உட்கார்ந்து எழுதியே வைத்துவிட்டார்கள். வக்கீலுக்கு இதைவிட வசதி உண்டா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். கேமில் இருப்பது இல்லை, நானே கட்டியது. ஆடப்போகிறவர்களின் சுவையைக் கெடுக்க மனமில்லை. தூக்க மந்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் இரண்டே வரி: "ஓதுபவரைத் தவிர, மந்திரச் சொல் காதில் விழுந்த எவரும் அக்கணமே உறங்குவர். விடியும்வரை எழார்." நகை வியாபாரி ஒருவர் பூட்டிய அறையில் தூங்கிக்கிடக்கிறார், பெட்டி காலி. காவலாளி கூண்டில் ஏறிச் சொல்கிறான்: "நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு பெண் மந்திரம் ஓதியது தெளிவாகக் கேட்டது. உடனே கதவை உடைத்து உள்ளே போனேன். வியாபாரி தூங்கிக்கொண்டிருந்தார்."

படிக்கும்போது நம் கண் எங்கே போகிறது? அந்தப் பெண் எங்கே, ஜன்னல் வழியாகப் போனாளா, மறைந்துபோனாளா என்று ஓடுகிறது. ஏட்டைப் புரட்டினவன் மட்டும்தான் கேட்பான்: "ஐயா, மந்திரம் கேட்டது என்கிறீர்கள். அப்புறம் நீங்கள் ஏன் தூங்கவில்லை?" மந்திரம் இல்லாத உலகத்தில் இந்தச் சாட்சியத்தில் ஒரு கீறல்கூட விழாது. முரண்பாட்டைக் கொண்டுவந்ததே மந்திரம்தான். அதனால் ஒவ்வொரு குறுக்கு விசாரணைக்கு முன்னும் ஏட்டில் அந்த மந்திரத்தின் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். "தவிர", "மட்டும்", "வரை" போன்ற சொற்கள் வரும் இடங்களில் நின்று படியுங்கள்.

சரி, முரண்பாடு பிடிபட்டது. அடுத்த சறுக்கல், அதை எந்த வரியில் போய்க் காட்டுவது என்பதில். காவலாளி பொய் சொல்கிறான் என்ற சந்தோஷத்தில் "வியாபாரி தூங்கிக்கொண்டிருந்தார்" என்ற வரியில் ஏட்டை நீட்டினால் தவறு என்று கணக்காகும். அந்த வரி ஏட்டோடு மோதவில்லையே! மோதுவது "தெளிவாகக் கேட்டது" என்ற வரி. ஆளைச் சந்தேகப்படுவது வேறு, வாக்கியத்தை மறுப்பது வேறு. ஆதாரத்தைக் கையில் எடுத்ததும் "இது உண்மையென்றால் இந்த வரி பொய்" என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் நீட்டாதீர்கள்.

இந்த கேமுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. லாபிரிந்தியா நீதிமன்றத்தில் சாட்சிகள் பல நேரம் ஒவ்வொருவராக வருவதில்லை. மூன்று பேர், நான்கு பேர் வரிசையாகக் கூண்டில் நின்று ஆளுக்கு ஒரு வரியாகச் சாட்சி சொல்வார்கள். பழைய வழக்கத்தில் நாம் பேசுகிறவனையே பார்த்துக்கொண்டிருப்போம். பார்க்க வேண்டியது பக்கத்தில் நிற்பவரை. நம் காவலாளியோடு ஒரு ரொட்டிக்காரியும் நிற்கிறாள் என்று வையுங்கள். "எவ்வளவு தெளிவாகக் கேட்டது?" என்று காவலாளியைக் குடையும்போது அவள் முகம் லேசாகச் சுருங்குகிறது. அந்த நொடியில் அவள் பக்கம் திரும்பி என்ன விஷயம் என்று கேட்டால், "அந்த நேரத்தில் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்ததே, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே" என்பாள். புதிதாக ஒரு வரி கிடைத்துவிட்டது. பேச்சை வேகமாகத் தட்டிக்கொண்டே போனால் அந்த முகச்சுருக்கம் கண்ணில் படாமலே போய்விடும். நான் ஒரு வழக்கில் இப்படித் தட்டித் தட்டியே அரை மணி நேரம் ஒரே சாட்சியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கேமில் ஏதோ கோளாறு என்று திட்டிக்கொண்டே.

இதனாலேயே ஒவ்வொரு வரியிலும் "ஹோல்ட் இட்!" (கொஞ்சம் நில்லுங்கள்!) என்று சாட்சியை நிறுத்தி விசாரிக்கத் தயங்க வேண்டாம். விசாரிப்பதற்குப் பொதுவாக அபராதம் கிடையாது. தவறான ஆதாரம் நீட்டினால்தான் அடி.

கெட்டிக்காரர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது: கேமைவிட நாலு எட்டு முன்னால் ஓடுவது. காவலாளி காதில் மெழுகு அடைத்திருந்தான், மந்திரக்கோல் அவன் கையில்தான் இருந்தது என்று முழுக் கதையும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. மெழுகை எடுத்து நீட்டுகிறீர்கள். தப்பு என்கிறது கேம். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நீதிபதி இப்போது கேட்டது "அவன் உண்மையில் கதவருகே நின்றானா?" என்பதை மட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மெழுகைப் பையிலேயே வைத்திருங்கள். அதற்கான முறை வரும். நியாயமாகப் பார்த்தால் இது இந்த வகை கேம்களின் குறைதான். சரியான விடையைச் சீக்கிரம் கண்டுபிடித்ததற்காக ஒருவனைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

துப்புக் கேட்கச் செலவழிக்கும் ஹின்ட் காயின்களைக் கஞ்சன்போல் சேர்த்துவைப்பதும் வீண். ஊரைச் சுற்றும்போது காட்சிகளில் ஒளிந்திருக்கும் இந்த நாணயங்கள் வழியில் வரும் லேட்டன் பாணிப் புதிர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். நீதிமன்றத்திலும் இவை செல்லும். எந்த வரியில் கைவைப்பது, எதை நீட்டுவது என்று தெரியாமல் நிற்கும்போது ஒன்றைச் செலவழித்துவிடலாம். இணையத்தில் கேமின் விடைகளை வரிசையாக எழுதிவைத்திருக்கும் வாக்த்ரூவைத் திறப்பதைவிட இது எவ்வளவோ மேல். வாக்த்ரூவில் ஒரு விடை தேடப் போனால், கதையின் கடைசித் திருப்பம் அடுத்த பத்தியிலேயே கண்ணில் அறையும்.

எதிர்த்தரப்பு விசாரணையாளர் பார்ன்ஹாமை வெறும் வில்லன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் எழுப்பும் தடையைக் கவனித்தால் அடுத்து நீங்கள் எதை நிரூபிக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

ஆடத் தொடங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய தவறையும் சொல்லிவிடுகிறேன். 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் வாங்குவது 2023 மார்ச் 27ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் இப்போது புதிதாக வாங்குபவர்கள் மெஷினில் செருகும் கேட்ரிட்ஜைத்தான் தேட வேண்டும். 3டிஎஸ்ஸில் பிராந்தியப் பூட்டு உண்டு. ஐரோப்பியக் கேட்ரிட்ஜ் அமெரிக்க மெஷினில் ஓடாது, ஜப்பானியக் கேட்ரிட்ஜ் இரண்டிலும் ஓடாது. காசு கொடுப்பதற்கு முன் மெஷின் எந்த ஊர்க்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.