குவாட்டர்பேக் பந்தை விடும் முன்: ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கும்போது முதலில் விட வேண்டிய பழக்கம், பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுவது. பந்து பறக்கும்போது முடிவு ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தருவது) ஆனதும், பந்தை வாங்கி எறியும் குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டரை, மூன்று நொடிதான். அதற்குள் மலைபோல நாலு பேர் அவர்மேல் விழ வந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அனுபவசாலிகள் பாதிக் கணக்கை முன்பே போட்டு வைத்திருப்பார்கள்.

அதனால் ஸ்னாப்புக்கு முன்பிருந்தே பாருங்கள். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரு ப்ளே (ஸ்னாப்பில் தொடங்கும் ஒரு முயற்சி) முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதில் 15 நொடி மீதி இருக்கும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்கும் கோச்சின் குரல் நின்றுவிடும். அப்புறம் குவாட்டர்பேக் பாடு. அப்போது எதிரணியில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் தடுப்பாளர்களான சேஃப்டிகளைக் கவனியுங்கள். இருவருமே ஆழத்தில் நின்றால் நீளமான பாஸுக்கு இடம் குறைவு, கிட்டத்தில் இடம் அதிகம். ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் ஓரங்களில் வாய்ப்பு இருக்கலாம். அடுத்து, பாஸைப் பிடிக்க வேண்டிய ஒரு ரிசீவரைக் குவாட்டர்பேக் பக்கவாட்டில் ஓடவிடுவார். எதிரணி ஆள் ஒருவர் கூடவே ஓடி வந்தால், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். வராவிட்டால் இடத்துக்குக் காவல். ஆனால் எதிரணி வேண்டுமென்றே வேஷம் போடும். ஸ்னாப் ஆனதும் சேஃப்டிகள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்னாப்புக்குப் பிறகு குவாட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள். பயந்தவர் பின்னாலேயே ஓடுவார். தேறியவர் ஓர் எட்டு முன்னே வைத்து, தன் அணியினர் அரணாக வளைத்து நிற்கும் பாக்கெட்டுக்குள்ளேயே இடம் தேடுவார். பார்வை மட்டும் களத்தை விட்டு இறங்காது.

இனி, நான் மிகவும் மதிக்கும் விஷயம்: எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவு. 2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது என்எஃப்எல் இறுதி ஆட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் திங்கள் விடியற்காலை. நியூ இங்கிலாந்து அணி அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கியிருந்தது. அதன் குவாட்டர்பேக், 39 வயது டாம் பிரேடி, அன்று ஐந்து முறை சாக் ஆனார், அதாவது எறியும் முன்பே பந்தோடு சாய்க்கப்பட்டார். அவர் எறிந்த ஒரு பாஸைப் பிடுங்கி எதிரணி கடைசிக் கோடுவரை ஓடி டச்டவுனே போட்டது. அப்படிப்பட்ட நாளில் எல்லாவற்றையும் ஒரே பாஸில் மீட்கத் தோன்றும். ஆனால் பிரேடி, பின்வரிசையிலிருந்து ஓடும் ரன்னிங் பேக் ஜேம்ஸ் வைட்டிடம் மட்டும் 14 பாஸ் சேர்த்தார், 110 யார்டு. பெரும்பாலும் குட்டைப் பாஸ்கள். மறுபடி பார்க்கும்போது வைட் எங்கே போகிறார் என்று மட்டும் பாருங்கள். பிரேடி ஏன் பதறவில்லை என்பது புரியும். 34-28, ஓவர்டைமில் வெற்றி.

அதே ஆட்டத்தில் மறுபக்கமும் பார்த்தாக வேண்டும். நாலாவது குவாட்டர், நாலு நிமிடம் சொச்சம் பாக்கி, அட்லாண்டா 28-20 முன்னிலை. பந்து எதிரணியின் 23 யார்டு கோட்டில். அங்கிருந்தே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி ஃபீல்டு கோல் அடித்தால் முன்னிலை 11. இரண்டாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) பாஸுக்குப் பின்வாங்கிய அட்லாண்டா குவாட்டர்பேக் மாட் ரையனை நியூ இங்கிலாந்தின் ட்ரே ஃப்ளவர்ஸ் பிடித்துச் சாய்த்தார். 12 யார்டு நஷ்டம். அடுத்து ஹோல்டிங் பெனால்டி (எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்தியதற்கு), இன்னும் 10 யார்டு. உதைக்கிற தூரத்தையே தாண்டிவிட்டது. ரையன் அந்த சீசனின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர்), நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர். அங்கே பாஸ் ப்ளே கொடுத்ததே தவறு என்பேன். ஆனாலும் அந்த இடத்தில் குவாட்டர்பேக் செய்ய வேண்டியது, சாக் ஆகாமல் பந்தை ஆளில்லாத இடத்தில் எறிந்து தொலைப்பது. டெஸ்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுவது போல. விதி ஒன்று உண்டு: பாக்கெட்டுக்குள் நின்றால் அருகில் நம் ரிசீவர் ஒருவர் இருக்க வேண்டும், வெளியே வந்துவிட்டால் பந்து ஸ்னாப் நடந்த கோட்டின் தூரத்தையாவது எட்ட வேண்டும். இல்லையென்றால் பெனால்டி.

சரி, எப்போதுமே பத்திரமாக ஆடினால் போதுமா? போதாது. ஒவ்வொரு ப்ளேக்கும் முன் ஸ்கோரையும் கடிகாரத்தையும் பார்க்கச் சொல்வது அதற்குத்தான். அதே 2017 ஜனவரியில் டல்லஸ் அணியோடு கிரீன் பே அணி ஆடியபோது 31-31 என்று சமநிலை. கிரீன் பே குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸைப் பின்னாலிருந்து, அவர் பார்க்காத பக்கத்தில் வந்து சாய்த்தார்கள். பந்து கையை விட்டு நழுவவில்லை, அதுவே பெரிய காரியம். பிறகு மூன்றாவது டவுன், 20 யார்டு தேவை, 12 நொடி மீதி. அங்கே குட்டைப் பாஸால் பயனில்லை. இடப்பக்கம் ஓடிக்கொண்டே, வலக்கையால் எல்லைக்கோட்டின் விளிம்புக்கு எறிந்தார். அவர் அணியின் ஜாரெட் குக் கால்விரலை உள்ளே வைத்துப் பிடித்தார், 36 யார்டு. மூன்று நொடி மீதி. கிரீன் பேயின் உதைப்பாளர் மேசன் கிராஸ்பி 51 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார், 34-31.