"பேக்கப் தினமும் ஓடுதுண்ணா"

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரிவதில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்பு தொடங்கி நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில், அதே நம்பிக்கையோடு. பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டாதே, அப்டேட் போடு என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் கையில் ரூட் அதிகாரம் கொடுத்தவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். விவரம் தெரிந்தவர்களே வழுக்கி விழும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

யுஎஃப்டபிள்யூவும் டாக்கரும்

உபுண்டு சர்வரில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலைப் போட்டு 22, 80, 443 ஆகிய போர்ட்களை மட்டும் திறந்து வைப்போம். அப்புறம் ஒருநாள் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ரெடிஸ் டேட்டாபேஸை ஏற்றி 6379:6379 என்று போர்ட் கொடுப்போம். யுஎஃப்டபிள்யூ பட்டியலில் 6379 இருக்காது. மூடியிருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போவோம். ஆனால் டாக்கர் தன் விதிகளை, யுஎஃப்டபிள்யூவுக்கும் அடியில் இருக்கும் ஐபி டேபிள்ஸில் தானே எழுதிக்கொள்ளும். யுஎஃப்டபிள்யூ முன்வாசலில் காவல் நிற்க, பாக்கெட் பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே போய்விடும். டாக்கரின் ரெடிஸ் இமேஜில் பாஸ்வேர்டும் கிடையாது, வெளியாரைத் தடுக்கும் புரொட்டெக்டெட் மோடும் அணைத்தே வரும்.

127.0.0.1:6379:6379 என்று, அதாவது அந்த மெஷினுக்குள் மட்டும் என்று கொடுத்தால் அந்தச் சந்தும் அடைபடும். சரிபார்ப்பதைச் சர்வருக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, திறந்திருக்கும் போர்ட்களைத் தேடும் என்மேப்பை வெளியே இருந்து ஓட்டிப் பாருங்கள்.

777

"பெர்மிஷன் பிரச்சினை, 777 கொடுத்தேன், சரியாயிடுச்சு." ஆகவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், ஓட்டலாம் என்றுதான் ஆகியிருக்கிறது.

சர்வர் கையிலேயே பேக்கப்பின் சாவி

சென்ற மாதம் ஒரு தம்பி டாஷ்போர்டைக் காட்டி, "பேக்கப் தினமும் ஓடுதுண்ணா, எல்லாம் பச்சை டிக்" என்றான்.

"எங்கே போகுது?"

"நாஸ் பாக்ஸுக்கு, நெட்வொர்க்ல இருக்கிற டிஸ்க் பெட்டிக்கு."

"எந்த யூசர்ல?"

"டொமைன் அட்மின்தான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லா மெஷினையும் திறக்கும் அக்கவுண்ட் அது. சில வருடங்களுக்கு முன் இதையேதான் நான் கட்டி வைத்திருந்தேன்.

ஒரு சின்ன வியாபார நிறுவனம். ஒரு விண்டோஸ் சர்வர், அதில் டேலி கணக்கு டேட்டா. பக்கத்திலேயே ஒரு நாஸ், சர்வரில் இசட் டிரைவாக மேப் செய்யப்பட்டது. இரவு 11 மணிக்கு ரோபோகாப்பி என்ற விண்டோஸ் கருவி அப்படியே கண்ணாடிப் பிரதி எடுக்கும். எனக்கு ஒரே பெருமை. ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றதால் ரிமோட் டெஸ்க்டாப்பையும் இணையத்துக்குத் திறந்து விட்டிருந்தேன். அதன் வழக்கமான போர்ட் 3389ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டேன், இனி யாருக்குத் தெரியப்போகிறது என்ற புத்திசாலித்தனம் வேறு.

மாதத்தின் 18ஆம் தேதி காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் எல்லாம் பூட்டப்பட்டு, ஒவ்வொரு ஃபைலின் பெயருக்கும் பின்னால் வாய்க்குள் நுழையாத ஒரு வால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு நோட்பேட் சீட்டு. இசட் டிரைவைத் திறந்தேன். அங்கேயும் அதே வால், அதே சீட்டு. உள்ளே வந்தவன் அட்மினாக வந்திருக்கிறான். அட்மினுக்கு எட்டுவதெல்லாம் அவனுக்கும் எட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று சர்வரின் பின்னால் செருகி வைத்திருந்த யுஎஸ்பி டிஸ்க்கும் போயிற்று. செருகியது செருகியபடியே இருந்தால் அதுவும் சர்வரின் ஒரு உறுப்புதானே.

20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். எங்களைக் காப்பாற்றியது நான் அல்ல, கணக்கு எழுதும் அக்கா. கம்ப்யூட்டரை நம்பாத அவர், ஐந்து வாரம் முன்பு டேலி டேட்டாவை ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டு பீரோவில் வைத்திருந்தார். மீதி ஐந்து வாரத்துக்குக் கொள்முதலை ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள 2பி பட்டியலிலிருந்தும், விற்பனையை பில் புத்தகக் கார்பன் பிரதியிலிருந்தும், வரவு செலவை பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்தும் திரும்ப அடித்தோம். சில்லறைச் செலவுக் கணக்கு கடைசிவரை வரவேயில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எனக்கு எரிச்சலே, இந்தத் தவறு செய்யும்போது தவறாகத் தெரிவதில்லை என்பதுதான். பெரிய இடங்களும் தப்பவில்லை. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்திடம் சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள்) இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்று ஒன்றோடொன்று சிங்க் ஆகிக்கொண்டிருந்தவை, எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட். மின்வெட்டைத் திட்டாத அட்மின் இல்லை. அன்றைக்கு அதுதான் அவர்களின் ஆஃப்லைன் பேக்கப்.

இப்போது நான் செய்வது இது. சர்வர் பேக்கப்பைத் தள்ளக்கூடாது, பேக்கப் மெஷின் வந்து இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் பாஸ்வேர்டு சர்வரில் எங்கும் இருக்காது, அது டொமைனிலும் சேராது. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் கருவிகளில் அப்பெண்ட் ஒன்லி முறையும், அமேசானின் எஸ்3 கிளவுட் சேமிப்பில் ஆப்ஜெக்ட் லாக்கும் உண்டு: எழுதலாம், பழையதை அழிக்க முடியாது. அதற்கு மேல் இரண்டு யுஎஸ்பி டிஸ்க், வாரம் மாற்றி வாரம். ஒன்று எப்போதும் கழற்றப்பட்டு வேறு கட்டடத்தில் இருக்கும்.

இதெல்லாம் செய்தும் திரும்ப எடுத்துப் பார்க்காவிட்டால் வீண். 2017 ஜனவரி 31 அன்று கோடு சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் எஸ்3 காலியாக இருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வெர்ஷன் பொருந்தாமல் பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

அந்தத் தம்பியிடம் ஒரு காலி மெஷினைக் கொடுத்து, "சர்வர் எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கோ, இதில் எழுப்பு" என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான். பேக்கப் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அந்தச் சர்வரில்தான் இருக்கிறது.

வேலையை விட்டுப் போனவர்

லினக்ஸில் பாஸ்வேர்டை லாக் செய்தால் பாஸ்வேர்டு மட்டும்தான் லாக் ஆகும். அவருடைய எஸ்எஸ்ஹெச் கீ (பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய விடும் சாவி) அப்படியே வேலை செய்யும். அக்கவுண்டையே காலாவதியாக்குங்கள், கீயையும் எடுங்கள். அவர் பெயரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஜாப் எதுவும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சம்பள ரிப்போர்ட் வராது.

தூரத்திலிருந்து ஃபயர்வாலை மாற்றுவது

பத்து நிமிடத்தில் பழைய ரூலைத் தானாகத் திரும்பப் போடும் ஒரு ஜாபை வைத்துவிட்டு மாற்றுங்கள். வைக்காமல் மாற்றி, என் இணைப்பை நானே அடைத்துவிட்டு, இரவு 2 மணிக்கு டேட்டா சென்டர் வாசலில் செக்யூரிட்டி அண்ணனிடம் நான் யார் என்று விளக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு முறை.